அண்ணன் போட்ட ராணி வேஷம்

என் ஆசை அண்ணே,

மேட்டு லயத்து மாரிமுத்து என்று சொன்னால் "ராணி மாரிமுத்தா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அந்த ராணிக்கு, கூடப் பிறந்த காமாட்சி எழுதுவது. நீ காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகிறது. கடிதத்தை எந்தத் தபாலில் போடுவது என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் கந்தசாமி அண்ணன் கூத்துக் கொட்டகையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டப் போகிறாராம். வாசிக்கட்டும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்ததற்கு வேறு என்ன பிரயோசனம்?

முதலில் இங்கத்துச் சேதி. ஆறாம் நம்பர் மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி முடிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் வாங்கி, ஏற்றத்திலெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டே வருகிறார். அம்மா சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், உன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. உன் சட்டையை நேற்று வரைக்கும் கொடியிலிருந்து எடுக்கவில்லை.

பெரிய சேதி இனிமேல்தான். தை பிறந்ததும் மாசித் திருவிழாக் கூத்துக்கு ஒத்திகை என்று சொன்னார்கள். ராசா வேஷம் கந்தசாமி அண்ணனுக்குத்தான். மந்திரி, சேவகன் எல்லாம் பழைய ஆட்கள். ராணிக்குத்தான் ஆள் இல்லை. அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே யோசனை. நீ எப்படி இதற்குள் போனாய்? யார் உன்னைக் கூப்பிட்டது? பதினைந்து வயதில் நடிக்க வேண்டும் என்று ஒருத்தருக்குத் தோன்றினால் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? உன்னோடு ஒரே காம்பராவில் படுத்து எழுந்தவள் நான், இதை ஒருநாளும் கேட்டதில்லை.

கந்தசாமி அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஒங்க அண்ணனுக்கு ராசா வேஷந்தான் வேணும், தெரியுமா? தோட்டத்து ஆளுங்களுக்கு ஓட்டுதான் இல்லேன்னு கவருமெண்டுல சொல்லிட்டாங்க, ராசாவாவது ஆவுறேன்னு வந்து நின்னான். அப்ப ராணியா ஆடுன ஆளுக்குத் தொப்ப வுழுந்துருச்சு. பெரியசாமி மாமா இவன் மொகத்த அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு. மீச இல்ல, கழுத்து ஒல்லி. நீதான் ராணின்னுட்டாரு. ஓடிப்போயி கொழுந்துக் கூடைங்களுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு அழுதான்."

நீ அழுதாயா? எனக்கு ஏன் சொல்லவில்லை? அப்படியென்றால் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதில் போய் நிற்பதுதான் நடிப்புக்கு வழியா? அப்படியானால் இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது, எனக்கும் மீசை இல்லை.

அடுத்த நாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனேன். பெரியசாமி மாமாவை உனக்குத் தெரியும், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மிஷினுக்குக் கொழுந்து அள்ளிப் போட்டாலும் கூத்துக்கு அவர்தான் வாத்தியார். நான் கேட்டதும் அவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"பொம்பளப் புள்ள மேடையேறி நான் பாத்ததில்லம்மா."

"ராணியே பொம்பளதான மாமா" என்றார் கந்தசாமி அண்ணன்.

மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "மூணு ஞாயித்துக்கெழம பாப்போம். சரிவரலேன்னா வருத்தப்படக் கூடாது" என்றார்.

வீட்டில்தான் இடி விழுந்தது. அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஒண்ணப் பறிகுடுத்துட்டு நிக்கிறேன். இருக்கிறதயும் மேட ஏத்தி ஊர் வாயில போடணுமா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? அங்க போனீன்னா இந்த வாசல்ல கால வைக்காத." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்தான்.

முதல் ஞாயிறு, ராணி சபைக்கு வருகிற மாதிரி நடந்து வரச் சொன்னார்கள். நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "பொம்பள நட வரலியே புள்ள. ஒங்க அண்ணன் எப்படி நடப்பான்? அத நெனச்சுப் பாரு" என்றார் மாமா.

நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், நான் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போன புதிதில், பீலியில் விழுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு வரும்போது வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தரம் போயி வா" என்பாய். "எதுக்கு?" என்றால் "சும்மாதான், தண்ணி பத்தல" என்பாய். நாலு வாளி சுமக்க வைத்தாய். கள்ளப் பயலே, நீ மேடையில் நடந்ததெல்லாம் என் நடை. அதைக் கொஞ்சம் பெரிசாக்கி, இடுப்பைக் கூடுதலாக ஆட்டி வைத்திருந்தாய். நானும் அப்படியே ஆட்டி நடந்தேன். "இப்பத்தான் பொம்பள மாதிரி இருக்கு" என்றார்கள். என் நடைக்கு நானே பரீட்சை எழுதிப் பாஸானேன்.

ரெண்டாம் ஞாயிறுதான் மானம் போனது.

உனக்குத் தெரிந்த கட்டம்தான். மந்திரி சொன்ன பொய்யைக் கேட்டு ராசா கோபத்தோடு சபைக்கு வருவார், ராணியை நாட்டை விட்டுப் போகச் சொல்வார். ராணி நடுச்சபையில் நின்று, நான் செய்த பிழை என்ன என்று கேட்க வேண்டும். கந்தசாமி அண்ணன் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் கிரீடம் செய்து, யாரிடமோ பூட்ஸ் வாங்கிப் போட்டிருந்தார். பூட்ஸ் சத்தம் எனக்குப் பின்னால் மேடைப் பலகையில் டக் டக்கென்று வந்தது. அவ்வளவுதான். என் காலை நான் கேட்கவே இல்லை, அது தானாகப் பலகையின் ஓரத்துக்குப் போய்க் கீழே இறங்கிவிட்டது. கை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டது. குனிந்து நிற்கிறேன்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை. தோட்டத்துத் தொரை ரோட்டில் வந்தால், ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானில் இறங்கி நிற்காத கால் அந்தக் கொட்டகையில் யாருக்கு இருந்தது?

"தொரையக் கண்டாப்புல ஒதுங்குறியே. நீ ராணி, அவன் ஒம் புருஷன். எறங்காதம்மா" என்றார் மாமா. இன்னும் மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் இறங்கினேன். கந்தசாமி அண்ணன் பாவம், பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தும் பார்த்தார். அப்போதும் என் கழுத்து நிமிரவில்லை.

கடைசியில் மாமா அலுத்துப்போய்ச் சொன்னார். "வாற ஞாயிறும் இப்படின்னா ராணிய எடுத்துருவோம். ராணி செத்துப்போயிட்டான்னு சொல்லிக் கதைய ஆரம்பிச்சிருவோம்."

அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். நீ செத்ததற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை, அண்ணே.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வி. நீயும் தொரையைக் கண்டால் தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கானில் இறங்கியவன்தானே? பிறகு மேடையில் மட்டும் எப்படி அசையாமல் நின்றாய்? ஒரு கை இடுப்பில், வலது கால் கொஞ்சம் முன்னால், தாடை நேராக. அந்த நிலை எங்கிருந்து வந்தது? கந்தசாமி அண்ணனைக் கேட்டால், "யாரயோ பாத்துத்தான் செய்றான்னு தெரியும். கேட்டா சொல்ல மாட்டான்" என்கிறார்.

நான் ஒவ்வொரு பொம்பளையாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கணக்கப்பிள்ளையின் சம்சாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அது இல்லை. தொரைசானி காரில் உட்கார்ந்தபடியே போகிறாள், அவள் நிற்பதை யார் கண்டது? ஒருநாள் கொட்டகலை டவுனுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து டீச்சர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். நிமிர்ந்துதான் நின்றார். ஆனால் அவர் கையில் குடை இருந்தது, உன் ராணி கையில் குடை கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் மடுவத்தில் தராசு கட்டிக் கொழுந்து நிறுத்தார்கள். எனக்கு முன்னால் அம்மா. அவள் கூடையைத் தராசில் மாட்டியதும், நிறுக்கிற ஆள் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஈரம்" என்று சொல்லி எடையில் கழித்தான். அம்மா நகரவில்லை. ஒரு கை இடுப்புக்குப் போனது. வலது கால் கொஞ்சம் முன்னால் வந்தது.

"வெயில்ல எடுத்த கொழுந்துங்க ஐயா. தொட்டுப் பாத்துட்டுக் கழிங்க."

சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. வரிசை அப்படியே நின்றது. அவன் கணக்கப்பிள்ளையைப் பார்த்தான், அவர் சைக்கிளைப் பார்த்தார். கடைசியில் கையை விட்டுக் கொழுந்தைப் பார்த்து, கழித்ததைத் திருப்பிப் போட்டான்.

ரெண்டு வருஷமாக நான் அவள் பின்னால்தான் நிற்கிறேன். இது எனக்குப் புதிதே இல்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் எனக்கு வெட்கமாகிவிடும், தலையைக் குனிந்துகொள்வேன். அதனால் அவள் எப்படி நிற்கிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

மூன்றாம் ஞாயிறு. நான் பலகையில் நிற்கும்போது கொட்டகை வாசலில் அம்மா வந்து நின்றாள். தலையில் விறகுக்கட்டு. விறகுக்கு நான் போகவில்லை என்பது தெரிந்து அவளே போய்விட்டு வருகிறாள். அதற்குள் பின்னால் பூட்ஸ் சத்தம். கால் பலகையின் ஓரத்துக்குத் திரும்பப் பார்த்தது. கையை எடுத்து இடுப்பில் வைத்தேன். வலது காலை முன்னால் வைத்தேன். அண்ணே, நான் இறங்கவில்லை.

"நான் செய்த பிழை என்ன? சபையறியச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்."

கந்தசாமி அண்ணனுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. அம்மா விறகைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று வந்து பலகையில் ஏறினாள். அறையப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையை ரெண்டு விரல் அளவு கீழே இறக்கி வைத்தாள்.

"இவ்வளவு ஒசத்தி வைக்கக் கூடாது. அவனும் இப்படித்தான் ஒசத்தியே வைப்பான். ரெண்டு வருஷமாப் பாத்தேன், சொல்லத்தான் வாய் வரல. நான் இங்கதான் வைப்பேன்."

பிறகு மாமாவைப் பார்த்து, "இப்பப் பேசச் சொல்லுங்க" என்றாள்.

நீ அவளைப் பார்த்துத்தான் அப்படி நிற்கிறாய் என்று அப்போதே தெரியுமா அவளுக்கு? "கூத்தாடிப் பய" என்று உன்னைத் திட்டிக்கொண்டே ராணி வேஷத்துக்குத் தன் கூறைச் சேலையை எடுத்துக் கொடுத்தாளே, தெரிந்துதான் கொடுத்தாளா? அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே எப்படி வாயைத் திறக்காமல் இருந்தீர்கள்? நேற்று உன் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். அப்போது கேட்கலாம் என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இந்த மாசிக்கு நான் உன்னைப் போல நடிக்க மாட்டேன், அண்ணே. கோபித்துக்கொள்ளாதே. என் நடையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கை அம்மா வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் நான் நிற்கிறவரைக்கும் இந்தத் தோட்டத்தில் ராணி செத்துப்போனாள் என்று சொல்லி ஒரு கூத்தையும் யாரும் தொடங்க விடமாட்டேன்.

நாலு வாளித் தண்ணீர் சுமந்த,
உன் தங்கை
காமாட்சி