காது எட்டாத பிள்ளைகளின் டீச்சருக்கு

அக்கா,

பக்கத்து வீட்டில் குழந்தை நனைத்த கோரைப்பாயைச் சுவர்மேல் காயப்போட்டிருக்கிறார்கள். விழுப்புரத்து வெயிலில் அந்த நெடி கிளம்பி என் ஜன்னல் வழியாக வருகிறது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ உங்கள் வகுப்பு ஞாபகம் வந்து, அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. ஒருத்திக்கு வைத்த சோறுதானே, போகட்டும்.

ஒலக்கூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சிசு வகுப்பு, எனக்கு இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. யுத்தம் தொடங்கிய சமயம் அது. தாய்மார்கள் விடிந்ததும் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டப் போய்விடுவார்கள். சின்னதைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். நீங்கள்தான் வீடு வீடாகப் போய், "பொண்ண அனுப்புங்க. இடுப்புல கீறதயும் இட்டுக்கினு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். பெரிய பெண்கள் என் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அவர்கள் இடுப்பிலிருந்து இறங்கியவையெல்லாம் உங்கள் வகுப்பில் உருண்டன.

ஓர் ஆயா வேண்டும் என்று மேனேஜரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். ஐந்து வயதான பிள்ளைகளுக்குத்தான் சர்க்கார் கிராண்ட் தருகிறது, இந்தப் பொடிசுகளுக்கு ஆள் போட எவன் தருவான் என்பார் அவர். காலையில் வந்தால் சாயங்கால மணி அடிக்கும்வரை நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா வெளிய போவணும் டீச்சர். போனா இதுங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்று சிரித்தீர்கள். சிரிக்கிற விஷயமா அது? எனக்கு அப்போதே உங்கள்மேல் கோபம்தான்.

வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது. அதுதான் கணக்கு. அதனால் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பொடிசுகளைப் புளியந்தோப்புக்கு அனுப்பிவிடுவோம். அந்த வருஷம் அனுப்புகிற வேலை என்னுடையது. அன்று தூறல் போட்டது. நனையவிட மனசு வராமல், என் வகுப்பில் பெரிய பெண்களுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டதுதான் தாமதம், ஒவ்வொன்றாக அதன் கீழே நுழைந்து உங்களிடம் போய்விட்டன. இன்ஸ்பெக்டர் காதைத் தொடச் சொன்னதும் அவையும் கையைத் தூக்கின. ஒன்றுக்கும் எட்டவில்லை. ஒரு பெண்குழந்தை இடது கையாலேயே இடது காதைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றாள். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடுதான், இந்த வகுப்புக்கு கிராண்ட் கிடையாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். "இதுங்கள உள்ள விட்டது யாரு?"

நான் புடவையில் இருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தாங்க. மழையா இருந்திச்சு" என்றீர்கள். மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை.

சிசு வகுப்பை மூடினார்கள். ஒரு வாரத்துக்குள் என் வகுப்பிலும் பெண்கள் வரிசை காலியாகிவிட்டது. தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நெல் மெஷினில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீங்கள் புறப்பட்டபோது, திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். "அக்கா, அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்ததும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டீர்கள். "வுடுங்க டீச்சர். ஒரே தப்புக்கு ரெண்டு பேரு எதுக்கு வேலைய வுடணும்? வண்டி வந்துடிச்சி, ஜல்தி மூட்டைய எடுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ கடிதம் எழுத உட்கார்ந்து, முதல் வரியோடு கிழித்துப் போட்டேன். சுதந்திரமும் வந்துவிட்டது. இங்கே விழுப்புரத்தில் என் பள்ளிக்கூடத்தில் இப்போதும் சிசு வகுப்புக்கு ஆயா இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன், நீங்கள் கேட்டுக் கிடைத்த அதே பதில்தான். போன தையில் நீங்கள் கண்ணை மூடிவிட்டதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழக்கூட எனக்கு யாரும் இல்லை.

நான்தான் அக்கா உள்ளே விட்டேன். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் வாய் வந்தது. அன்று கேட்ட மேனேஜரும் இல்லை, எனக்காகப் பதில் சொன்ன நீங்களும் இல்லை.