சரண்யாதேவிக்கு நீ எழுதுவது

சாஸ்தா துணை

தூத்துக்குடி,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி இசக்கிராஜாவும் சாஸ்தா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். இனி உன் சுகத்தைக் கேட்க வேண்டும், ஆனால் நான் கேட்கும் முன்னாலேயே எதிர்வீட்டு முத்துக்கனி வந்து சொல்லிவிடுகிறாள். உனக்குச் சளி பிடித்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதையும் அவள் போனில் காட்டித்தான் பார்த்தேன். இருந்தாலும் எழுத உட்கார்ந்த பிறகு கேட்காமல் இருக்க முடியுமா, நல்லா இருக்கியா ஐசு?

அப்பாவுக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை. மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, விசைப்படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறது, பழுது பார்க்கிறவர்கள் கயிறு, பெயிண்ட், மிதவை என்று விடிந்ததிலிருந்து நம்ம கடையில்தான் நிற்கிறார்கள். மத்தியானச் சோற்றை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அதையும் பில் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறார். மீன் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, நாட்டுப்படகில் வருகிற சாளை மீனையே யானை விலை சொல்லுகிறார்கள், வாரத்தில் பாதி நாள் பருப்புக்குழம்புதான். இசக்கிராஜா கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பதால் அவன் எப்போது தூங்குகிறான் எப்போது எழுந்திருக்கிறான் என்று எனக்கே புரிவதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம் என்பாய். போனில் நீ சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, வைக்கட்டுமாம்மா என்று முடித்துவிடுகிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் நார்வேயில் உனக்கு வேலை வந்துவிடுகிறது. ஆகையால்தான் இந்தக் கடிதம், குறுக்கே பேச முடியாது பார்.

நீ இன்டர்நெட்டில் உன் பக்கம் என்று வைத்து எழுதுகிறாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பெர்கனிலிருந்து ஆஸ்லோவுக்குப் பனிமலை வழியாக ரயிலில் போனதை எழுதியிருந்தாய். ஒவ்வொரு குகையை விட்டு வெளியே வரும்போதும் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது, எதிரே உட்கார்ந்திருந்த கிழவி கம்பளி பின்னுவதை நிறுத்தாமலே உன்னைப் பார்த்துச் சிரித்தாள், நீ டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறும் நாரத்தங்காயும் சாப்பிட்டபோது பக்கத்துக் குழந்தை மூக்கைச் சுளித்தது, அப்புறம் அதுவே ஒரு வாய் கேட்டது. அவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். அதே ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணி எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, சும்மா வெளியே போனேன்ம்மா என்றாய். ஊர் உலகத்துக்கெல்லாம் பனிமலை, எனக்குச் சும்மா வெளியே. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? சேலத்திலிருந்து ஒருத்தி, தங்கமே கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள் என்று எழுதுகிறாள், நீயும் சரிங்கம்மா என்று பதில் போடுகிறாய். அதையே நான் சொன்னால் எனக்குத் தெரியாதாம்மா என்கிறாய். அவள் பெற்றாளா உன்னை, நீ எப்போது அவளுக்குத் தங்கம் ஆனாய்? பெற்றவள் பொறாமைப்படலாமா என்று கேட்காதே, படுகிறேன். அவள்மேல் மட்டுமில்லை, உன்மேலும்தான். நான் தனியாகப் போன தூரம் வேம்பார் வரைக்கும், அதுவும் என் அம்மா வீட்டுக்கு, அதற்கும் உன் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கண்டக்டரிடம் பத்திரமாக இறக்கிவிடச் சொல்லிவிட்டுத்தான் நகருவார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உப்புக்காற்றில் முடி பிசுபிசுக்கும் என்று உள்பக்கம் உட்காரவைத்துவிடுவார். அந்த ரயில் ஜன்னல் எனக்கும் வேண்டும் ஐசு, வாய்விட்டே சொல்லுகிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. முத்துக்கனி வந்து படித்துக் காட்டுவது பொறுக்காமல், தையிலே நான் இசக்கிராஜாவிடம் என் போனிலும் உன் பக்கம் தெரிகிற மாதிரி செய்து கொடு என்றேன். சொந்தப் பேர்ல போட்டா கண்டவனும் செய்தி அனுப்புவான், வேற பேரு சொல்லும்மா என்றான். நீ பிறந்தபோது உனக்கு வைக்க நான் ஆசைப்பட்டு, உன் அப்பா வேண்டாம் என்று சொன்ன பேர் வாயில் வந்தது, சரண்யாதேவி. அவன் அதையே போட்டு, படத்துக்கு ஒரு ரோஜாப்பூவையும் வைத்துக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். ஆமாம், கோயம்புத்தூர்க்காரி, மகள் வெளியூரில் இருக்கிறாள், பொழுது போகவில்லை என்று உனக்கு எழுதுகிறாளே, அவள் நான்தான். ஏமாற்ற நினைத்துத் தொடங்கவில்லை, படிக்க மட்டும்தான் நினைத்தேன். அந்த ரயிலைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, அந்த ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். நீயோ ஒரு முழத்துக்குப் பதில் எழுதினாய். ஜன்னல் திறக்காது அக்கா, ஆனால் கண்ணாடியில் கன்னத்தை வைத்தால் மலையே சில்லென்று உள்ளே வரும் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை, துணி துவைக்கும்போதுகூட அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவளுக்குத் தனிச்செய்தியாகவும் எழுத ஆரம்பித்தாய், அவளுக்கு வந்த வாழ்வு என்ன வாழ்வு. ஆய்வகத்தில் சால்மன் மீன்குஞ்சுகளுக்குத் தீனி கலக்கும்போது உன் பெரிய அதிகாரி உன்னைத் தட்டிக்கொடுத்ததை அவளிடம் சொன்னாய். சனிக்கிழமை மழையில் குடை பறந்துபோய் நீ நனைந்துகொண்டே சிரித்ததைச் சொன்னாய். பிறந்தநாள் அன்று ஒருவரும் இல்லாமல் நீயே உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் போதாமல் அடிப்பிடித்து, அழுதுகொண்டே சுரண்டிச் சாப்பிட்டதையும் அவளிடம்தான் சொன்னாய். அன்று சாயங்காலம் என்னிடம், பிரண்ட்ஸோட கேக் வெட்டினோம்மா என்றாய். அந்த அழுகை எனக்கு வந்திருக்க வேண்டியது, அவள் வாங்கிக்கொண்டாள். நானே எழுதி நானே படித்து அவள்மேல் பொறாமைப்பட்டால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள், ஆனால் படுகிறவளுக்குத்தானே தெரியும். முத்துக்கனி ஒருநாள் வந்து, ஏளா, அந்தச் சரண்யாதேவி கேட்டா மட்டும் உன் மவ பக்கம் பக்கமா எழுதுதாளே, யாருளா அவ என்று கேட்டாள். யாரோ வேலைவெட்டி இல்லாதவ, வீட்டுல சோறு பொங்குதாளோ என்னவோ என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கு நல்லா இருந்தது, உண்மையிலேயே அவளைத் திட்டினதுபோல.

பங்குனி உத்திரத்துக்குத் செம்மணல் தேரியில் இருக்கிற நம்ம குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் வேன் வைத்துப் போனோம். பம்பாயிலிருந்து உன் சித்தப்பா குடும்பம்கூட வந்துவிட்டது, நீ ஒருத்திதான் இல்லை. பொங்கல் வைக்கும்போது புகையில்தான் கண் கலங்குகிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன். திரும்பி வரும்போது வேனிலேயே போனை எடுத்து, உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக முடியலையேன்னு வருத்தமா இருக்கா என்று அவள் பேரில் கேட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகுதான் தலையில் கைவைத்தேன், உத்திரம் என்றதும் சாஸ்தாவை நினைக்கிறது நம்ம பக்கத்துக்காரர்தான், கோயம்புத்தூர்க்காரி முருகனைத்தானே கேட்டிருப்பாள். நீயும், உங்களுக்கு எப்படி அக்கா தெரியும் என்றாய், என் மாமியார் திருச்செந்தூர்ப் பக்கம் என்று சமாளித்தேன். அன்றைக்கு நீ மேற்கொண்டு துருவவில்லை, முன்னைவிட இன்னும் மனசு திறந்து எழுத ஆரம்பித்தாய். தெரிந்துதான் எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று நானும் பல நாளாகப் போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறேன், விளங்கவில்லை.

அப்புறம்தான் போன வாரம் அந்தச் செய்தியை அவளுக்கு அனுப்பினாய். கம்பெனியில் நிரந்தர வேலை தருகிறார்கள், ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், சம்மதித்தால் பல வருஷம் அங்கேயேதான், இருக்கவா ஊருக்கு வந்துவிடவா அக்கா, நீங்க சொல்லுங்க என்று. நான் அதை இரண்டுதரம் படித்தேன். இத்தனை பெரிய விஷயத்தை முகம் தெரியாத ரோஜாப்பூவிடம் கேட்கிறாயே என்று கோபம். கீழே எழுதியிருந்தாயே, அம்மாகிட்ட கேட்டா வந்துருன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க, நான் எங்க இருக்கேங்கறதுதான் அவங்களுக்குக் கவலை, எப்படி இருக்கேன்னு இதுவரைக்கும் கேட்டதே இல்ல என்று, அதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். கேட்டேனே ஐசு, தினமும்தானே கேட்டேன், சாப்பிட்டியா என்று கேட்டதெல்லாம் அதைத்தானே. நீ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்றால் நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

அவள் பேரில் வந்துவிடு என்று எழுத எனக்கு எவ்வளவு நேரமாகும் சொல். அவள் சொன்னால் நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதவும் எழுதினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை, பெண்பிள்ளை தனியாக எத்தனை நாள் இருப்பது என்று சரம் சரமாக. அனுப்பப் போகும்போது, நீ எழுதினதையெல்லாம் முதலிலிருந்து ஒருதரம் படித்துவிடலாம் என்று தோன்றியது. படித்தேன். அங்கே இருக்கிற பிள்ளை நன்றாக இருக்கிறாள். அழுதாலும் நன்றாக இருக்கிறாள். இங்கே கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கயிறு அளந்துகொண்டிருந்தபோது உன் முகத்தில் நான் பார்க்காத தெளிவு அந்த எழுத்தில் இருக்கிறது. எழுதினதை அழித்துவிட்டு, இருந்துவிடு கண்ணு, வேலையை ஒப்புக்கொள் என்று நேற்று அனுப்பினேன். நீ உடனே, ரொம்ப நன்றி அக்கா, எங்க அம்மா இப்படிச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்று போட்டாய். நல்லதைச் சொன்ன பேர் அவளுக்குப் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் உண்மையை உடைத்து எழுதிவிட்டேன்.

ஆனால் அம்மா என்று என்னைக் கேட்டால் என் பதில் வேறுதான், வந்துவிடு. நீ நினைத்த மாதிரியே ஒரே வார்த்தை. அவள் சொன்னதும் நான்தான் சொன்னேன், இதுவும் நான்தான் சொல்கிறேன், இரண்டும் மனசறிந்து சொன்னதுதான், இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது உன் பாடு. நீ இருந்துவிட முடிவு செய்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்ச நாள் பேசாமல் இருப்பேன், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே.

மழையில் நனைந்தால் தலையை உடனே துவட்டு, குட்டை முடிதானே என்று விட்டுவிடாதே. களிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டும், பாட்டில் அனுப்பினால் உடைந்துவிடும் என்று அப்பா சொல்லுகிறார், அங்கேயே தேடி வாங்கு. உத்திரத்தன்று எடுத்துவைத்த திருநீற்றைப் பொட்டலம் மடித்து இதில் வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். சாஸ்தா உன்னை எங்கே வைத்தாலும் குறையில்லாமல் வைப்பான், நூறு வயசுக்கு நல்லா இரு. இந்தக் கடிதத்தை மட்டும் உன் பக்கத்தில் போட்டுவிடாதே, முத்துக்கனி படித்துவிட்டு வந்து எனக்கே சொல்லுவாள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. இதைப் படித்த பிறகு உனக்கு அவளும் இல்லாமல் போய்விடுவாளோ, எனக்கும் சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்கு எழுதினதில் பாதியாவது இனி எனக்கு எழுது. என்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் அவளுக்கே எழுது, வயிறு எரிந்தாலும் நான் வாங்கிப் படித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
செ. உமாராணி