லேட்டாகப் பேசும் கிட்டார்

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன, திருப்புளி என்றே பேர் வாங்கியவன், உடைந்த வாத்தியமெல்லாம் உன் கடையைத் தேடித்தானே வருகிறது. போனில் சொன்னால் ஒரு ஜோக்கைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கிட்டார் பெட்டிக்குள் கடிதம் வைத்து அனுப்புகிறேன்.

பெட்டியில் இருப்பது நான் புதிதாக வாங்கிய மாடலிங் கிட்டார். பார்க்க ஒன்று, உள்ளே இருபத்தைந்து. குமிழை ஒரு திருப்புத் திருப்பினால் பன்னிரண்டு கம்பி, இன்னொரு திருப்பில் நைலான் கம்பி, அடுத்ததில் பாஞ்சோ. இனி பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாற்றி மேடையில் சர்க்கஸ் காட்ட வேண்டாம். வாங்கி வந்த அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். "குளிக்கப் போறப்பவாவது கழட்டி வைங்க" என்றாள் உன் தங்கை.

ஆனால் மச்சான், இது லேட்டாகப் பேசுகிறது. நான் கம்பியைத் தட்டுகிறேன், சத்தம் யோசித்து வருகிறது. வேகமான பாட்டில் டிரம்ஸ் எங்கோ போய்விடுகிறது, நான் பின்னால் ஓடுகிறேன். போன ஒத்திகையில் மாஸ்டர் எல்லோரையும் நிறுத்திவிட்டு, "என்ன லீடு, தூக்கமா?" என்றார். இருபத்தாறு வருஷமாக அவர் குழுவில் லீடு கிட்டார் வாசிக்கிறேன், ஒரு தடவை அப்படிக் கேட்டதில்லை.

ஏப்ரலில் சுற்றுப்பயணம், நாற்பது மேடை. யார் யார் போவது என்ற பட்டியல் மார்ச் 28 அன்று. அதில் என் பெயர் இல்லையென்றால் மறுநாள் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கிட்டாரைத் திறந்து பார். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்.

உன்,
லீடு

*

பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒன்றாக மேடையில் நின்ற காலத்தில் வாடா போடா. என் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு இப்போது மாப்பிள்ளை. முதலில் ஒரு புகார்: உன் கடிதத்தில் எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி வரிகள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உங்கள் ஊரில் காகிதப் பஞ்சமா?

கிட்டாரை நான்கு நாள் கடையில் வைத்து வாசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். உள்ளே இருக்கும் சில்லு கொஞ்சம் மந்தம். போதாததற்கு உங்கள் சவுண்டுக்காரரின் டிஜிட்டல் மிக்ஸர் வழியாகப் போய்த் திரும்பும்போது இன்னும் கொஞ்சம் தாமதம் சேரும். அவர் அதைச் சரியாக அமைக்கவில்லை என்று நினைக்கிறேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு.

கிட்டாரைத் துடைத்து, புதுக் கம்பி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
திருப்புளி

*

மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு,

என் வயிற்றில் பாலை வார்த்தாய். அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தை அப்படியே மாஸ்டரிடம் கொடுத்தேன். ஒத்திகைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். சவுண்டுக்காரர், "என் பக்கம் எந்தத் தாமதமும் இல்ல சார், வேணும்னா அளந்து காட்டறேன்" என்று எவ்வளவோ சொன்னார். மாஸ்டருக்கு ஏற்கனவே அவர்மேல் ஏதோ கோபம். மறுநாள் வேறு ஆள் வந்துவிட்டார். பழையவர் வயரையெல்லாம் சுருட்டிப் பையில் வைக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பாவம், இரண்டு பிள்ளைகள். நான் என்ன செய்ய?

ஆனாலும் தாமதம் போகவில்லை. பொறுக்க மாட்டாமல் ஒரு சிந்த் கிட்டார் வாங்கிவிட்டேன். திட்டாதே. கம்பியைத் தட்டினால் புல்லாங்குழல் வருகிறது, வயலின் வருகிறது, இருபது பேர் சேர்ந்து பாடுகிற குரல்கூட வருகிறது. அதுவும் லேட். தடித்த கம்பியில் சுருதியைப் பிடிக்க மெஷினுக்கு லேட் ஆகும் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு மெல்லிய கம்பியிலும் லேட். உலகத்தில் இருக்கிற மெஷினெல்லாம் சொல்லி வைத்துக்கொண்டு என்னையே குறி வைக்கின்றனவா?

இதற்கு இடையில் உன் தங்கை வேறு. நடக்கும்போது என் வலது கை ஆடுவதே இல்லையாம். "ஒரு கைய மட்டும் வீசிட்டு நடக்கறீங்க" என்கிறாள். நான் எப்படி நடக்கிறேன் என்பதா இப்போது பிரச்சினை?

இந்தக் கிட்டாரில் இரண்டு வாய் உண்டு. ஒன்றில் வெறும் கம்பியின் சத்தம், இன்னொன்றில் மெஷின் போடும் சத்தம். இரண்டையும் தனித்தனியாக, தாளக் கருவியின் டிக் டிக்கோடு பதிவு செய்து அனுப்புகிறேன். மெஷின் எவ்வளவு லேட் என்று அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மாஸ்டர் இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. இருபது நாள்தான் இருக்கிறது.

உன்,
லீடு

*

மார்ச் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் பதிவைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷின் கம்பிக்குப் பின்னால் மயிரிழைதான் நிற்கிறது, யார் காதுக்கும் தெரியாது. ஆனால் கம்பியே டிக்குக்குப் பின்னால் வருகிறது. முதல் நிமிஷத்தில் கொஞ்சம், போகப் போக இன்னும் அதிகம். வெறும் கம்பியில் எந்தச் சில்லும் கிடையாது, எந்த மிக்ஸரும் கிடையாது. அங்கே இருப்பது உன் கை மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லித் தொலைக்கிறேன். முதல் கிட்டாரிலும் கோளாறு இல்லை. நான்கு நாள் வாசித்தேன், சுத்தமாக இருந்தது. போன டிசம்பரில் நீ இங்கே வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம். உன் எழுத்தைக் கிண்டல் செய்தேனே, அதை எழுதும்போதும் பயந்துகொண்டுதான் எழுதினேன். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாமல் மெஷின்மேல் பழியைப் போட்டேன். அது போதாதென்று முகம் தெரியாத ஒரு மனுஷன்மேலும் போட்டேன். அந்தக் கடிதம் கூட்டத்தில் படிக்கப்படும் என்று நான் கனவா கண்டேன்?

கெஞ்சிக் கேட்கிறேன், நரம்பு டாக்டரைப் பார். தங்கையைக் கூட்டிக்கொண்டு போ. நானும் வருகிறேன்.

உன் மச்சான்

*

மார்ச் 20

மச்சான்,

சரி. கைதான். இப்போது சந்தோஷமா?

டாக்டரிடம் போகிறேன், உன் தங்கை தலைமேல் சத்தியம். ஆனால் 28 தாண்டட்டும். அதற்கு முன்னால் நீ ஒரே ஒரு கடிதம் எழுது, மாஸ்டர் பெயருக்கே எழுது. சிந்த் கிட்டாரில் ஒரு பாகம் பழுது, மாற்றிக் கொடுக்கிறேன், பத்து நாளில் சரியாகிவிடும் என்று. அவர் உன் பேச்சை நம்புகிறார். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பயணத்தில் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். வேகமான இடங்களில் மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போய்விடுவேன், குழல் சத்தம் போட்டு மூடிவிடுவேன், ஆயிரம் வழி இருக்கிறது.

எனக்கு வேறு எதுவும் தெரியாது மச்சான். ஐம்பத்திரண்டு வயதில் என்னை எங்கே போகச் சொல்கிறாய்? ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொன்று சொல்ல என்ன? உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

லீடு

*

மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாஸ்டருக்கு எழுதிவிட்டேன். நீ கேட்டதை இல்லை.

மிக்ஸரில் எந்தத் தாமதமும் இல்லை, கிட்டாரிலும் இல்லை, முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய், சவுண்டுக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று எழுதினேன். உன் கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் மாஸ்டர் சின்னக் குழந்தை இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உனக்கு உன் வேலை எப்படியோ, சவுண்டுக்காரருக்கும் அவர் வேலை அப்படித்தானே? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். கதவைத் திற.

உன் மச்சான்

*

ஏப்ரல் 19

அன்புள்ள மச்சானுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் ஒரு மணி நேரம் நின்றாய். நான் உள்ளேதான் இருந்தேன். உன் தங்கையையும் திறக்க விடவில்லை. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பட்டியலில் என் பெயர் இல்லை. மாஸ்டர் என்னை எதுவும் கேட்கவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சவுண்டுக்காரர் திரும்ப வந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்க சார், முதல்ல உங்க உடம்பப் பாருங்க" என்றார். அன்று தெருவிலேயே அழுதேன்.

டாக்டரைப் பார்த்தேன். நடுக்குவாதமாம். "என் கை நடுங்கவே இல்லையே டாக்டர்" என்றேன். சிலருக்கு நடுக்கம் பிறகுதான் வரும், முதலில் வேகம் குறையும், எழுத்து சிறுக்கும், கை வீச்சு நிற்கும் என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் தப்பித்திருப்பேனா என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். இல்லை, இதைத் தடுக்க மருந்து இல்லை என்றார். அதனால் உன் பொய் என் கையைக் கெடுக்கவில்லை. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்.

மாத்திரையின் அளவு இன்னும் சரிப்படவில்லை. காலையில் போட்டால் ஒரு மணி நேரம் கை சொன்னபடி கேட்கிறது, பிறகு மறுபடியும் அதன் இஷ்டம். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து வாசிக்கிறேன். தாளத்தில்தான் இருக்கிறேன் மச்சான், டிக்கோடு வைத்துப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்பதற்கு இல்லை. சொன்னேனே, எனக்கு வேறு எதுவும் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். நீ சரியானதைத்தான் செய்தாய். அதைச் செய்தது நீயாக இருந்திருக்க வேண்டாம் என்றுதான் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்தை இந்தக் கடிதத்துக்குக் கொடுத்துவிட்டேன். கிட்டாரைத் தொடவில்லை. நாளையிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் பதில் போடாதே. உன் கடிதம் வந்தால் நான் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

உன்,
மாப்பிள்ளை