பேச்சுக்கும் இலக்கணம் உண்டா என்று கேட்டேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று எங்கள் தமிழ் வகுப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நேற்றே தமிழ் மிஸ் அதே இலக்கணப் பாடத்தை நடத்தி ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அப்படியே நடந்தது. கடைசியில் அதிகாரி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

அது ஒத்திகையில் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால்தான் இலக்கணம் வரும் என்று தினமும் சொல்வது மிஸ்தானே. எழுந்தேன்.

"வீட்ல போறேன், வந்துட்டேன்னு பேசுறோமே சார், அதுக்கும் இலக்கணம் இருக்கா?"

அவர் ஆவலோடு மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் சிரித்தார். "இவ புதுசா சேந்த பொண்ணு சார். கொஞ்சம் ஸ்லோ."

ஆறாம் வகுப்பிலிருந்து அவரிடம்தான் படிக்கிறேன். வகுப்பே சிரித்தது.

மணி அடித்ததும் மிஸ் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "கோச்சிக்காதடி கண்ணு. அதுக்கு எனக்கே பதில் தெரியல. அந்த ஆளு முன்னாடி நான் என்ன பண்றது?"

"சரி மிஸ்" என்றேன்.

ரெட்டியார்பாளையம் பஸ்ஸில் என் தோழி ஸ்டெல்லா, "என்னடி புதுப்பொண்ணு, எறங்குற ஸ்டாப்பாவது தெரியுமா?" என்றாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே பள்ளிக்கு வந்து மிஸ்ஸைத் திட்டுவார். மிஸ்ஸை யாராவது திட்டினால் என்னால் இப்போதும் தாங்க முடியாது. அதை நினைத்தால்தான் அழுகையாக வருகிறது.