ஆணியில் தொங்கும் கயிறு

மார்ச் 1949

அன்புள்ள அம்மாவுக்கு, ஓடெல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கறுப்பன் என்று என்னை மறுத்த பல்கலைக்கழகம், கோர்ட் உத்தரவால் சேர்த்துக்கொண்டு, வகுப்பில் என் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியதைச் சொன்னேனே. நேற்று அந்தக் கயிற்றைக் காணோம். இதுவரை முகம் கொடுத்தே பேசாத, என் வகுப்பு வெள்ளைக்காரப் பையன் ப்ரென்டிஸ், "எங்களோட வந்து உக்காரு ஓடெல், உனக்கென்ன தனி இடம்?" என்றான்.

"திடீர்னு என்னப்பா இவ்வளவு பாசம்?"

"எதுக்கெடுத்தாலும் சந்தேகமா உனக்கு?" என்று தோளில் தட்டினான்.

நான் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். இப்படித் தனியாக உட்கார வைப்பதை எதிர்த்து நாம் போட்ட மேல்முறையீடு அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது. கயிறே கிடையாது என்று அவர்கள் வக்கீல் சாதிக்கலாம் அல்லவா? வெளியே வரும்போது கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கயிற்றை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கத்தான் இதை எழுதினேன். பீச் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே யார் எது கொடுத்தாலும் நான் சாப்பிடுவதில்லை. கடித உறையை நன்றாக ஒட்டுங்கள். போன கடிதத்தை யாரோ பிரித்து ஒட்டியது போலிருந்தது.

மணியடித்துவிட்டது, ஓடுகிறேன். அந்த மர நாற்காலி இடுப்பை ஒடிக்கிறது. ஒரு குஷன் தைத்து அனுப்புங்கள், தடிமனாக. நான் எழுந்து போவதாக இல்லை.

உங்கள்
ஓடெல்