கல்யாணத்துக்கென்று பூட்டி வைத்த சென்ட்

சித்தூர்,
22-9-97

அன்புள்ள மகள் சுஜிதாவுக்கு அம்மா தபீதாள் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் நைனாவும் இங்கே சௌக்கியம், எனக்கு மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது, நைனா நாளெல்லாம் பேசியும் அவருக்கு வாய் வலிப்பதாகத் தெரியவில்லை. மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நைட் டியூட்டி முடிந்து நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இல்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு தூங்கு.

உன் கடிதம் வந்தது. உன் ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை பார்க்கிற ராணிப்பேட்டைப் பையன் சைமன் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டதாகவும், உனக்கும் பிடித்திருப்பதாகவும், ஆனால் நம் வீட்டுக்கு மாடி எழும்பட்டும் பிறகு பார்க்கலாம் என்று அவனை நிறுத்தி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். லீவு நாளில் மற்ற நர்சுகள் கடற்கரைக்குப் போனால்கூட நீ ரூமிலேயே படுத்திருக்கிறாயாம், ஊருக்குத் திரும்பின பிறகு எல்லாவற்றையும் அனுபவித்துக்கொள்வாயாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நீ உன் நைனாவின் மகள்தான். கறிக்குழம்பு வைத்தால் நல்ல துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை முதலில் தின்கிறவர் அவர். போன கிறிஸ்துமஸ் அன்று அப்படி ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினார், பூனை வந்து கவ்விக்கொண்டு போயிற்று. பூனை எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

போன மாதம் லீவில் வந்த உன் சிநேகிதியிடம் எனக்கென்று நீ சென்ட் பாட்டில் கொடுத்தனுப்பினாய் அல்லவா, அதை நான் மோந்து பார்ப்பதற்குள் உன் நைனா வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், "இது சுஜிதா கல்யாணத்துக்கு, இப்பவே போட்டுக்கினு எங்க போவப் போற" என்றார். நீ முதலில் அனுப்பின பெட்ஷீட்டும் அதற்குள்தான், அவர் ரிடையர் ஆனபோது எம்.ஆர்.ஓ. ஆபீசில் கொடுத்த சபாரித் துணியும் அதற்குள்தான். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் சட்டையோடு யாராவது குளிப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனதும் பீரோவைத் திறந்து காதுக்குப் பின்னால் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்து படி இறங்கும்போது உன் நைனா மூக்கைத் தூக்கிக்கொண்டு, "யாரோ சென்ட் போட்டுக்கினு வந்துகீறாங்க, எவ்ளோ பாந்தமா கீது பாரு" என்றார். எனக்கு வாய்க்கு வந்த பெயர் பாலையா வாத்தியார் சம்சாரம், அதையே சொல்லிவிட்டேன். அவள் மகள் பிரசவத்துக்கு மதனபள்ளி போயிருந்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வைத்துக்கொண்டு போனேன், இவர் அப்போதும் மோந்து மோந்து அந்த அம்மாளைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வீடு வருகிற வரை புத்தி சொன்னார். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு உன் நைனா சும்மா இருந்திருக்கலாம், நேராகப் பாலையா வாத்தியாரிடம் போய், "ரெண்டு வாரமா பாக்கறேன், உங்க வூட்டம்மா சென்ட் போட்டுக்கினு வர்றது ரொம்ப கௌரவமா கீது" என்று சொல்லிவிட்டார். முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பின அந்த அம்மாள் வாத்தியாருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். "நான் ஊர்ல இல்லாதப்ப எவ வந்து உன் பக்கத்துல சென்ட் போட்டுக்கினு நின்னா?" என்று கேட்டாள் பார், வாத்தியார் கையிலிருந்த பாட்டுப் புஸ்தகம் கீழே விழுந்துவிட்டது. சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு ஓடி வந்து, "அண்ணா, வூட்ல அடுப்பு எரியல, நீதான் வந்து சொல்லணும்" என்று அழாத குறையாக நின்றார். பாவம், இருமல் மிட்டாய் வாசனையைத் தவிர வேறு வாசனை அறியாத மனுஷன். வேறு வழியில்லாமல் நான் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். வாத்தியார் அதையே கையோடு எடுத்துக்கொண்டு போய்ச் சம்சாரத்திடம் காட்டிச் சமாதானம் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அந்த அம்மாளும் தாராளமாகப் போட்டுக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறாள்.

உன் நைனா கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கால்வாசி காலி. மூடியைத் திறந்து ஒருமுறை மோந்துவிட்டு மறுபடி மூடினார். கடைசியில், "நீதான்னு சொல்லியிருந்தா உன்கிட்டயே சொல்லியிருப்பேனே, இத்தினி வருஷத்துல உன்னைப் பாத்து நான் நல்லதா ஒண்ணும் சொன்னதில்லியே" என்றார். நான் காபி போடப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன் மகளே.

மறுநாள் காலையில் அவரே பீரோவைத் திறந்து சபாரித் துணியைத் தையல்கார ஏகாம்பரத்திடம் எடுத்துக்கொண்டு போனார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்ததாம், "இன்னும் ரெண்டு வருஷம் வச்சிருந்தா இதுல கர்ச்சீப்தான் தைக்கலாம் சார்" என்றானாம். அதை ஒருவழியாக மறைத்துத் தைத்துக் கொடுத்தான். போன சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு உன் நைனா கீரை வாங்கப் போனார். டீக்கடை கங்கையா பார்த்துவிட்டு, "இன்னா சார், மாப்ள மாதிரி கீறீங்க, பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறான். இவருக்கு என்ன தோன்றிற்றோ, ஆமாம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை யார் என்றானாம், ராணிப்பேட்டை சைமன் என்றும் சொல்லிவிட்டார். கங்கையாவிடம் சொன்னால் பேப்பரில் போட்ட மாதிரி. பகலுக்குள் தெருவே வந்து கேட்டது, நேற்று கோயிலில் பாஸ்டர் என்னை நிறுத்தி, மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமே, எந்த ஞாயிறு தொடங்கலாம் என்று கேட்டார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை ஆமாம் என்றும் சொல்லவில்லை, மகளைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

விளையாட்டு இருக்கட்டும். அந்தப் பையனை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுது போதும், தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், உன்மேல் ஒரு சொல் விழ விட மாட்டேன். ஆனால் பிடித்திருந்தும் எடுத்து ஒதுக்கி வைக்காதே. மாடி இல்லாமல் நாங்கள் இத்தனை காலம் குடும்பம் நடத்தவில்லையா, மேலே ஏறி நான் என்ன பார்க்கப் போகிறேன், இந்த முழங்காலோடு. இந்த வெள்ளிக்கிழமை அவனோடும் உன் சிநேகிதிகளோடும் கடற்கரைக்குப் போய்க் காலையாவது நனை.

ஏசிக்கு நேராகத் தலை வைத்துப் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. ஆண்டவர் எப்போதும் உன் பக்கத்தில் இருந்து உன்னைச் சிரிக்க வைக்கட்டும். சைமனுக்கும் எங்கள் அன்பைச் சொல். பாஸ்டருக்கு என்ன சொல்ல என்று உடனே எழுது, மறக்காதே. இன்னும் நிறைய எழுத இருக்கிறது, ஆனால் உன் நைனா சபாரியோடு வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்துகிறார், திருப்பதிக்குப் போகிறோம். அங்கே என்ன வேலை என்று கேட்டேன், "வேலை இருந்தாத்தான் போவணுமா?" என்கிறார்.

முத்தங்களுடன் உன் அம்மா,
இ. தபீதாள்