உட்காராத சம்பந்தி அம்மா

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் நிஷாந்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் பேரனும் மெல்பேர்ணில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கும்பிடுகிறோம். இங்கே நானும் அம்மாவும் சுகம், தம்பி தனுஷனும் சுகம் என்று இந்தத் தடவை பொய் கலக்காமல் எழுதக்கூடியதாக இருக்கிறது. வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய், சிரி. இந்த பிளாட்டில் இருப்பது இரண்டு அறையும் ஒரு ஹோலும்தான். நான் போனில் இருமினால்கூட எல்லோருக்கும் கேட்கும். ஒருவரை அவர் நடமாடுகிற வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு புகழ எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. மேல்மாடி மாக்ரெட் ரீச்சர் தன் மகளைப் பார்க்க உங்கள் பக்கம் வருகிறார், அம்மா இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நீ சொன்னதற்கு இதுதான் என் பதில். நான் காசு அனுப்புறன், சம்பளத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கோ, அந்த மனுசியை இனியாவது ஊருக்கு அனுப்புங்கோ அப்பா என்று சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் சம்பந்தி பேச்சியம்மாவை உனக்குத் தெரியாது. தம்பியின் கலியாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, ஜெயராணியின் தாயார் என்று படத்தில் பார்த்ததோடு சரி. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

தம்பியின் விபத்தை நாங்கள் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளை பயந்துவிடும் என்று அம்மா தடுத்துவிட்டாள். வேலை முடிந்து காலி வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான், நல்ல மழை. தரிப்பில் நின்ற பஸ்ஸை முந்துவதற்கு இடது பக்கத்தால், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் கிடந்த சந்துக்குள் நுழைந்திருக்கிறான். கொழும்பில் ஓடுகிற எல்லோரும் செய்கிற வேலைதான், எல்லோரும் செய்வதால் சரி என்று ஆகிவிடாது. பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்க, அவரில் முட்டாமல் இவன் வெட்டித் திருப்ப, சில்லு வழுக்கி மின்கம்பத்தில் போய் அடித்திருக்கிறது. இறங்கிய மனிதருக்கு ஒரு கீறலும் இல்லை, அதற்கே ஆயிரம் கும்பிடு போட வேண்டும். இவனுக்கு வலது தொடை எலும்பும் இடுப்பு எலும்பும் முறிந்தன. ஹெல்மெட் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் வெடித்திருந்தது, தலைக்கு ஒன்றும் இல்லை. பட்டியைப் பூட்டியிருந்தபடியால்தான் தப்பினார், சும்மா தலையில் கவிழ்த்திருந்தால் அது வேறாகவும் தலை வேறாகவும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதற்குக் காரணம் ஜெயராணி. காலையில் லிஃப்ட் வாசல் வரைக்கும் வந்து, பட்டி பூட்டுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அந்தப் பிள்ளை இவனைப் போக விடும். நான் அதைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி என்று பகிடி பண்ணியிருக்கிறேன். இனிப் பண்ண மாட்டேன்.

அந்த வெடித்த ஹெல்மெட்டை உன் அம்மா என்ன செய்தாள் என்று நினைக்கிறாய். கழுவித் துடைத்து, திருநீறு பூசி, சாமித்தட்டில் முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். தினமும் ஒரு செவ்வரத்தம்பூ வேறு. எனக்குச் சரியான கோபம். அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கி எறிய வேண்டும், நாளைக்கு யாராவது அவசரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று கத்தினேன். பிள்ளையைக் காப்பாற்றினதைக் குப்பையில போடச் சொல்லுறீங்களோ என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். கடைசியில் நான் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியை வெட்டிவிட்டு அங்கேயே வைத்தேன். இப்போது அதை ஒருவரும் தலையில் போட ஏலாது, முருகனுக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் கஷ்டம் தொடங்கியது. ஹோலில் கட்டில் போட்டோம். எனக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்தபிறகு பாரம் தூக்கக் கூடாது, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஜெயராணி கொட்டாஞ்சேனை பாமசிக்கு வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. உதவிக்கு ஒரு ஆளைப் பிடித்தோம் மகள், நீ நினைக்கிறாய் பிடிக்கவில்லை என்று. இரண்டு கிழமை வந்தான், தம்பியை மூட்டை புரட்டுகிற மாதிரிப் புரட்டினான், பிறகு சொல்லாமல் நின்றுவிட்டான். அந்த நேரம்தான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சீலைப் பையோடு மருமகனைப் பார்த்துப் போக என்று வந்தார் பேச்சியம்மா.

அவர்கள் பக்கத்தில் மாமியார், மருமகன் முறை மிகவும் இறுக்கம். மருமகனின் பெயரைச் சொல்வதில்லை, தொடுவதில்லை, அவர் இருக்கிற இடத்தில் தாங்கள் உட்காருவதும் இல்லை. கலியாணத்தன்று அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தவர். அப்படிப்பட்ட மனுசி வந்த மறுநாள் காலையில் வாளியில் சுடுதண்ணீரும் துணியுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க, தம்பி வெட்கத்தில் செத்துப்போனான். வேண்டாம் மாமி, விடுங்கோ, அப்பா பாப்பார் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் ஆடாமல் அசையாமல் சொன்னதைக் கேள். "மாப்பிள்ளய தொட எனக்கு மொற இல்ல. அடிபட்ட புள்ளய தொட மொற இருக்கு. கொணமாகுற வரைக்கும் நீங்க மாப்பிள்ள இல்ல, புள்ள. அந்தக் கைய இப்பிடித் தூக்குங்க." அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்டார். சொந்தத் தகப்பன் நான், என்னால் முடியாததை, முறை பார்க்கிற ஒரு மனுசி முகம் சுளிக்காமல் செய்தார். அன்றையிலிருந்து மலம், சலம், முதுகுப் புண் எல்லாம் அவர் கையால்தான். எனக்கு அவர் மேல் வந்த மரியாதையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மகள், அவர் ஹோலுக்குள் வந்தால் நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிவிடுகிறேன்.

தம்பியைப் பார்க்கக் கூட்டாளிமார் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஹெல்மெட்டை முழங்கையில் கொளுவிக்கொண்டு ஸ்டைலாக. திரும்பிப் போகும்போது சம்பந்தி அம்மா லிஃப்டை மறித்துக்கொண்டு நிற்பார். "ஏய்யா, ஒங்களுக்கு மண்ட முழங்கையிலயா இருக்கு?" என்று ஒருநாள் அர்ஷாத்தைக் கேட்டார். அர்ஷாத் மாளிகாவத்தைப் பையன், தம்பியோடு வேலை செய்கிறவன், வாய்க்காரன். அவனே அந்த இடத்திலேயே எடுத்துத் தலையில் போட்டான். போட்டால் போதாது, பட்டி பூட்டுகிற சத்தம் கேட்க வேண்டும், பிறகு விரலை விட்டு இழுத்துப் பார்ப்பார். மகளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இப்போது அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு வாசலிலேயே தலையில் போட்டுக்கொண்டுதான் லிஃப்டுக்குள் ஏறுகிறார்கள், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு.

இவ்வளவும் சரி, ஆனால் தம்பி எழும்பவில்லை. எலும்பு பொருந்திவிட்டது, இனி நிற்க வேண்டும், காலில் பாரம் கொடுக்காவிட்டால் தசை வற்றிவிடும், இன்னும் சுணங்கினால் பழையபடி நடப்பது சந்தேகம் என்று டொக்டர் திருத்தமாகச் சொல்லிவிட்டார். பிசியோதெரபிக்கு வந்த பிள்ளையின் கையைத் தட்டிவிட்டான், பிடித்து நடக்கக் கொண்டுவந்த வோக்கரையும் தொடவில்லை. எனக்கு ஏலாது, திருப்பி முறிஞ்சிடும் என்று ஒரே சொல். காலில் இருந்த முறிவு மனதுக்குப் போய்விட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜெயராணி பாத்ரூமுக்குள் போய் அழுவது எங்களுக்குக் கேட்கும். நான் அதட்டினேன், அம்மா நேர்த்தி வைத்தாள், நீயும் போனில் எவ்வளவு கெஞ்சினாய். ஒன்றுக்கும் அசையவில்லை. முப்பது வயதில் என் பிள்ளை கட்டிலோடு போகப்போகிறான் என்றே நான் பயந்தேன், உன்னிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் சம்பந்தி அம்மாவின் பாதம் இரண்டும் வீங்கிவிட்டன. ஏன் வீங்காது? அவன் ஹோலில், சமையலறை ஹோலுக்கு நேரே, இந்தச் சின்ன வீட்டில் மருமகன் கண்ணில் படாமல் உட்கார ஓர் இடம் இல்லை, வேலையை விட்டு அறைக்குள் போய் இருக்கவும் மாட்டார். இரவு அறைக்குள் படுக்கிற நேரம் தவிர முழுநாளும் நின்ற நிலையில்தான். தொட்டுக் கழுவுறீங்கள்தானே, அதுக்கு இல்லாத முறை இருக்கிறதுக்கு என்னத்துக்கு என்று அம்மா கேட்டதற்கு, தொடுறது தேவைக்கு, உக்காருறது சொகுசுக்கு என்று சொல்லிவிட்டார். ஒருநாள் பின்னேரம் அந்த வீங்கிய காலைத் தம்பி கண்டுவிட்டான். மாமி, தயவுசெய்து இருங்கோ, எனக்குப் பார்க்க ஏலாமல் கிடக்கு என்றான். அப்போது அவர் சொன்னார், "மாப்பிள்ள உக்காந்திருக்கையில மாமியா உக்காரக் கூடாதுங்கிறதுதான் மொற. மாப்பிள்ள எந்திரிச்சு நின்னா மாமியா தாராளமா உக்காரலாம். நீங்க நில்லுங்க, நான் உக்காருறேன்." இந்தச் சட்டத்தை அந்த இடத்திலேயே நின்று இயற்றினார் என்பது என் சந்தேகம், இன்றுவரை கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் எழும்பவில்லை, கோபித்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிவிட்டான். அவரும் விடவில்லை. அதுவரை சமையலறையில் செய்த வேலைகளையும் கட்டிலுக்கு நேரே கொண்டுவந்து நின்றபடி செய்யத் தொடங்கினார். நின்றுகொண்டு வெங்காயம் உரித்தார், நின்றுகொண்டு அரிசியில் கல் பொறுக்கினார். அம்மா, எதுக்கு இப்பிடி அடம் புடிக்கிற என்று ஜெயராணி ஏசியதற்கு, காலமெல்லாம் மலையில நின்னு கொழுந்து பறிச்ச காலு, இந்தச் சிமெந்துத் தரை என்னத்த செய்யும் என்றார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்பா அந்த வோக்கரை இஞ்சால தள்ளுங்கோ என்று தம்பியின் சத்தம் கேட்டது. நான் தள்ளிய வேகத்தில் அது கட்டிலில் போய் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுக ஒழுக, உன் தம்பி எழும்பி நின்றான். கால் நடுங்கியது, முகம் வெளிறியது, ஆனால் நின்றான். சம்பந்தி அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சீலையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஜெயராணி, எனக்கு ஒரு தேத்தண்ணி போடு என்றார். அம்மாவும் நானும் வாய்விட்டு அழுதுவிட்டோம், அவன் ஒருவன்தான் அழவில்லை, அவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

அதன்பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. காலையும் பின்னேரமும் அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார், குடித்து முடியும் வரைக்கும் இவன் நிற்கிறான். முதலில் இரண்டு மிடறு, பிறகு அரைக் கோப்பை. இப்போது கொதிக்கக் கொதிக்கப் பெரிய கோப்பையில் வாங்கி, ஊதி ஊதி, ஊர்க்கதை எல்லாம் கதைத்து, வேண்டுமென்றே ஆறுதலாகக் குடிக்கிறார். மாமி, கெதியாக் குடியுங்கோ என்று இவன் கத்துவான், சூடா இருக்குல்ல என்பார். டொக்டர் போன தடவை காலைப் பார்த்துவிட்டு நல்ல முன்னேற்றம், என்ன பயிற்சி செய்யிறீங்கள் என்று கேட்டார். தேத்தண்ணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சும்மா தலையாட்டினேன்.

இனிச் சொல்லு மகள், இந்த மனுசியின் இடத்துக்கு நான் சம்பளத்துக்கு யாரைப் பிடிக்க? நீ அனுப்ப நினைக்கிற காசை அங்கே எங்கள் மருமகனுக்குச் செலவழி. அவர் ஸ்டேஷனுக்குப் போக மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகப் பேரன் உளறிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல ஹெல்மெட்டாக, தலைக்கு அளவானதாக, புதிதாக வாங்கச் சொல்லு, ஒருவர் பாவித்ததை வாங்க வேண்டாம். தூரத்திலேயே தெரிகிற நிறத்தில் ஜாக்கெட் போடட்டும். அங்கே தெருவிலேயே றாம் வண்டி ஓடுகிறதாம், மழைக்கு அதன் தண்டவாளம் வழுக்கும், பெரிய வாகனத்தின் இடது பக்கம் சந்து தெரிந்தாலும் அது இவருக்கு விட்ட பாதை இல்லை என்று அப்பா சொன்னதாகச் சொல்லு. பேரனை முன்னால் இருத்தி ஒரு சுற்றுச் சுற்றுகிற விளையாட்டும் வேண்டாம்.

போன கிழமை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகச் சம்பந்தி அம்மா ஊருக்குப் போய் வந்தார். அவர் போன அன்று காலையில் ஜெயராணி அவரைக் கோட்டை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள், அம்மா சந்தைக்கு. நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினால் தம்பி யன்னலடியில் நிற்கிறான், வோக்கர் கட்டிலோடு கிடக்கிறது, ஒரு கை மட்டும் சுவரில். டேய், தேத்தண்ணி குடிக்கவும் ஆள் இல்லாத நேரம் என்ன விளையாட்டு, போய் இரு என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னான், "மாமி இப்ப ரெயில்ல சீற்றில இருந்துகொண்டு போறா அப்பா. அவ இருக்கேக்கை நான் எப்பிடி இருக்கிறது?" ஹட்டன் வரும் மட்டும் நிற்கப்போகிறாயோ என்று கேட்டேன். ஏலுமான மட்டும் என்றான். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்னைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் நடந்து போனான்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், போன வழியால் பத்திரமாக வீடு திரும்புகிறவர்களாக நீடு வாழ அப்பாவினதும் அம்மாவினதும் ஆசீர்வாதம். நீ வழக்கமாகப் போன் எடுக்கிற செவ்வாய்க்கிழமை மறக்காமல் சம்பந்தி அம்மாவோடு கதை, மாமி என்று கூப்பிடு, ஊருக்கு அனுப்புகிற கதையை எடுக்காதே.

அன்புள்ள அப்பா,
க. நாகேந்திரம்